பசித்து வந்த கிழவி

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் எப்படி உண்டானது என்று முல்லைத்தீவில் கேட்டால் ஒரு சாப்பாட்டுக் கதையைத்தான் சொல்வார்கள். நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பொடியன்களிடம் ஒரு கிழவி வருகிறாள், பசிக்கிறது என்கிறாள். அவர்கள் அரிசியும் பாலும் போட்டுப் புக்கை பொங்குகிறார்கள். பொழுதுபட்டுவிட்டது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல் தண்ணீரை ஊற்றித் திரியைக் கொளுத்துங்கள் என்கிறாள் கிழவி; விளக்கு எரிகிறது. பிறகு தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்று குனிகிறாள். மயிரை விலக்கிய பிள்ளைகள் தலை முழுக்கக் கண்களைக் கண்டு திகைத்து நிற்க, கிழவியைக் காணவில்லை. சொல்லும் விதம் ஊருக்கு ஊர் சற்று மாறும். மதுரையை எரித்துவிட்டு ஈழத்துக்கு வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம் பத்தாம்பளை, அதுவே வற்றாப்பளை என்ற பெயர் விளக்கமும் கூடவே வரும். வைகாசி விசாகத்தை அண்டிய திங்கட்கிழமைப் பொங்கலுக்கு முந்திய கிழமை முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீர் விளக்கேற்றுவது இன்றும் நடக்கிறது. பார்க்க வருகிற சனத்தின் கண் எல்லாம் அந்த விளக்கின் மேல்தான். ஆனால் கதையில் விளக்குக்கு முன்பே பானை வந்துவிடுகிறது. தெய்வம் வரம் கொடுக்க வந்திருக்கலாம், நீதி கேட்க வந்திருக்கலாம். மதுரையில் அதைத்தானே செய்தாள். வன்னிக்கு வந்தவள் கேட்டது பொங்கிய சோறு. பசி இல்லாத ஒன்றை நாம் கடவுள் என்கிறோம். அந்தக் கடவுள் ஏன் பசித்து வர வேண்டும்?

இந்தக் கேள்வியைச் சிலப்பதிகாரத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். கண்ணகியைச் சிலம்பேந்தி அரண்மனையில் நின்றவளாகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முன் அவள் ஆயர்சேரியில் மாதரியின் வீட்டில் சமைக்கிறாள். கோவலன் சாவக நோன்பு உடையவன் என்பதால் அதற்கேற்ற கலங்கள் புதிதாகக் கொடுக்கப்படுகின்றன. பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, ஆயர் வீட்டுப் பாலின் பயன் என்று இளங்கோ பண்டங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். காய் அரிந்து அவளுடைய விரல் சிவக்கிறது; முகம் வியர்க்கிறது; கண் சிவக்கிறது. மாதரியின் மகள் ஐயை வைக்கோலில் தீ மூட்டிக் கொடுக்கிறாள். பிறகு கண்ணகி நிலத்துக்குத் தண்ணீர் தெளித்து, வாழைக் குருத்து விரித்துப் பரிமாறுகிறாள். கோவலன் அதை உண்டுவிட்டுத்தான் சிலம்பு விற்கக் கிளம்புகிறான். காவியத்தில் அவள் கையால் அவன் உண்ணும் கடைசிச் சாப்பாடு அது. வற்றாப்பளைக் கதையில் மீண்டும் மாடு மேய்ப்பவர்கள், மீண்டும் பாலும் அரிசியும். அன்று இடையர் வீட்டுப் பண்டத்தை வாங்கிச் சமைத்துக் கொடுத்தவள், இங்கே இடையர் பிள்ளைகள் சமைத்ததைக் கேட்டு வாங்கி உண்கிறாள். இந்தக் கதையைக் கட்டியவர்கள் காவியத்தைப் படித்துத்தான் கட்டினார்கள் என்று சாதிக்க முடியாது. ஆனால் கண்ணகியை அரண்மனையில் தேடாமல் அடுப்படியில் தேடிய ஊர் இது என்று சொல்லலாம்.

அடுப்படியில் தெய்வத்துக்கு என்ன வேலை என்ற கேள்வி நம் தத்துவ மரபுகளில் பழையது. சாந்தோக்கிய உபநிடதத்தில் சனத்குமாரர் நாரதருக்குச் சொல்லும் பகுதியொன்று ஆகாரத்தின் தூய்மையை உள்ளத்தின் தூய்மையோடும், அதை நினைவின் உறுதியோடும் பிணைக்கிறது. இந்த ஆகாரம் எது? சங்கரர் அதைப் புலன்களால் உள்ளே எடுக்கப்படும் எல்லாமாகவும் கொண்டார். கண் காண்பதும் காது கேட்பதும் ஆகாரம்தான். இராமானுசர் வாயால் உண்ணும் உணவாகவே கொண்டார். முதல் வழியில் போனால் பானைக்குள் என்ன கிடக்கிறது என்பது பெரிய விஷயமில்லை, மனம் திருந்தினால் போதும். இரண்டாம் வழியில் போனால் பண்டத்துக்குப் பண்டம் சட்டம் வேண்டும்: இது ஆகும், இது ஆகாது, இன்னார் தொட்டது ஆகாது. கீதையின் பதினேழாம் அத்தியாயம் உணவை மூன்று குணமாகப் பிரிக்கிறது. சமைத்து நேரம் கடந்து சுவை போனது தாமச உணவுக்குள் போய்விடுகிறது. அப்படியானால் வன்னி உழவன் வயலுக்குப் போகுமுன் வெங்காயமும் பச்சைமிளகாயும் கடித்துக்கொண்டு குடிக்கிற பழஞ்சோற்றுத் தண்ணீர் எந்தக் குணம்? இந்த வரிசையில் அவனுக்கு நல்ல இடம் கிடைக்காது. இரண்டு வழியும் ஏதோ ஒன்றை விட்டுவிடுகின்றன. ஒன்றுக்கு அடுப்பே தேவையில்லை. மற்றதற்கு அடுப்பின் முன் நிற்கிற மனிசர் தேவையில்லை, பண்டத்தின் பட்டியல் போதும்.

வீட்டுச் சமையலின் அறம் பண்டத்திலும் இல்லை, மனத்திலும் இல்லை என்பது என் கட்சி. அது இரண்டுக்கும் நடுவில், ஒருவர் இன்னொருவருடைய பசிக்குப் பதில் சொல்கிற செயலில் இருக்கிறது. பதில் சொல்வதென்றால் இரண்டு தெரிந்திருக்க வேண்டும்: யாருக்குச் சமைக்கிறேன் என்பது ஒன்று, என்ன போட்டுச் சமைக்கிறேன் என்பது மற்றது. முழுத் தானியம், முழுக் காய், முழு மீன் ஆகியவற்றின் மதிப்பு அவை இயற்கையானவை என்பதால் வருவதல்ல. கண்ணால் பார்த்து இன்னது என்று சொல்லக்கூடிய நிலையில் அவை கைக்கு வருகின்றன, அதனால் வருவது. சமைத்தவரிடம் பானையைக் காட்டிக் கணக்குக் கேட்கலாம். அவரால் சொல்ல முடியும். வன்னியின் வழிபாடு இதை நன்றாக அறிந்து வைத்திருக்கிறது. வற்றாப்பளைப் பொங்கலில் பாக்குத் தெண்டல் என்று ஒரு சடங்கு, பண்டமெடுத்தல் என்று ஒரு சடங்கு. மடைக்கு வேண்டிய பண்டங்கள் முள்ளியவளையிலிருந்து ஊர்வலமாகப் போகின்றன. பொங்கும் பானைக்கு வளந்து என்று தனிப் பெயர். அதை நேர்ந்துதான் அடுப்பில் ஏற்றுவார்கள். வெந்த சோற்றுக்குப் படையல் செய்வது எல்லா ஊரிலும் உண்டு. வேகப்போகிற அரிசிக்கும் காலிப் பானைக்கும் முதலே மரியாதை செய்வதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. என்ன உள்ளே போகிறது என்பதை ஊர் முழுக்கப் பார்த்த பிறகே அடுப்பு மூட்டப்படுகிறது. தைப்பூசத்தன்று புதிர் எடுத்து, புதுநெல்லைக் குற்றிப் பொங்குகிற வீட்டிலும் இதே ஒழுங்குதான், சின்ன அளவில்.

பெரியபுராணத்தில் இதற்கு இளையான்குடி மாறனாரைவிடப் பொருத்தமான சாட்சி இல்லை. மழை இரவில் ஒரு சிவனடியார் பசியோடு வருகிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. பகல் வயலில் விதைத்த நெல் இருக்கிறதே என்று நினைவுபடுத்துகிறவள் மனைவி. மாறனார் இருட்டில் காலால் தடவி வழி கண்டு, மழைநீரில் மிதந்து ஒதுங்கிய முளைநெல்லை வாரிக் கூடையில் தலையில் சுமந்து வருகிறார். விறகு இல்லை, கூரை வரிச்சை அறுத்துக் கொடுக்கிறார். கறிக்கு, இன்னும் தேறாத கீரைக் குருத்தைப் பிடுங்கி வருகிறார். அவள் நெல்லைக் கழுவி, வறுத்து, குற்றி, சோறாக்குகிறாள். அந்த ஒரே கீரையை வேறு வேறு பதத்தில் பல கறிகளாக ஆக்குகிறாள். பசித்தவர் இன்னார் என்று தெரியும், பானையில் உள்ளது எந்த வயலிலிருந்து எந்த மழையில் வந்தது என்று தெரியும். இதைவிட முழுதான கணக்கை எந்தச் சமையலும் கொடுக்காது. அந்த வீட்டில் அப்போது பண்டத்தின் தூய்மையைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகச் சேக்கிழார் சொல்லவில்லை. சேற்று நெல்தானே அது.

புராணத்தை விட்டுவிட்டு இன்றைய ஒரு குசினிக்குள் போவோம். கறித்தூள் வறுக்கிற நாள். செத்தல் மிளகாயைக் காம்பு கிள்ளி வெயிலில் காய விட்டிருப்பார்கள். இரும்புத் தாச்சியில் முதலில் மல்லி. அது வெடித்து மணம் எழுந்ததும் இறக்கிவிட்டு மிளகு, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம். வெந்தயம் ஒரு கணம் கூடினால் முழுத் தூளும் கைத்துவிடும். கறிவேப்பிலை சருகாக நொறுங்கும்வரை. மிளகாய் கடைசியில், வீடு முழுக்கத் தும்மும். பிறகு எல்லாவற்றையும் சுளகில் கொட்டி ஆறவிட்டு மில்லுக்குக் கொண்டுபோவார்கள். இந்த வீட்டில் சின்னப்பிள்ளை இருந்தால் மிளகாய் குறையும். பிள்ளை பெற்றவள் இருந்தால் மிளகும் மஞ்சளும் தனியாகச் சரக்காகும். வயிற்றுப்புண்காரர் இருந்தால் அவருக்கு வேறு போத்தல். ஒரு வீட்டுத் தூள் அடுத்த வீட்டுத் தூளாக இருக்காது. அந்தத் தூளில் மணப்பது அந்த வீட்டு ஆட்களின் உடம்பு என்றுகூடச் சொல்லலாம். கடைப் பைக்கற்றில் வரும் தூள் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அதை அரைத்தவருக்கு இந்த வீட்டில் வயிற்றுப்புண்காரர் ஒருவர் இருப்பது தெரியாது, அவ்வளவுதான். தெரிய வழியும் இல்லை.

பிரேசிலின் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மொன்தேய்ரோவும் அவருடைய குழுவினரும் உணவை நான்கு வகையாகப் பிரித்தபோது, சத்தின் அளவை வைத்துப் பிரிக்காமல் பண்டத்துக்கு என்ன செய்யப்பட்டது என்பதை வைத்துப் பிரித்தார்கள். நான்காவது வகை, வீட்டுக் குசினியில் அநேகமாகக் காணாத பொருட்களைக் கொண்டு தொழிற்சாலையில் கட்டியெழுப்பப்பட்டது. 2019ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் கெவின் ஹோல் இருபது பேரை அழைத்து வைத்து, இரண்டு கிழமை அந்த வகை உணவும் இரண்டு கிழமை அதிகம் பதப்படுத்தாத உணவும் கொடுத்துப் பார்த்தார். சீனி, உப்பு, கொழுப்பு, நார் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக வைக்கப்பட்டிருந்தும், தொழிற்சாலை உணவைத் தின்ற நாட்களில் அவர்கள் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள். இதிலிருந்து உடல்நலப் பாடம் எடுப்பவர்கள் எடுக்கட்டும். என் கண்ணில் படுவது வேறு: போதும் என்று சொல்கிற இடம் அந்த உணவில் தொலைந்துபோகிறது. பரிமாறுகிறவர் இருந்தால் போதுமா என்று கேட்பார். உண்பவர் கையை மறிப்பார். வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் திரும்பத் திரும்ப வற்புறுத்துகிற அளவு என்பது அந்த மறித்த கைதான். பைக்கற் போதுமா என்று கேட்காது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை நிறைய உண்டு. பதப்படுத்தாத உணவு என்று ஒன்று எங்கே இருக்கிறது என்பது முதலாவது. அவித்துக் காயவைத்துக் குற்றிய புழுங்கலரிசி பதப்படுத்தியது. கருவாடு பதப்படுத்தியது. பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், பச்சையாகக் காயவைத்தால் ஒடியல், இரண்டும் பதப்படுத்தியவை. எண்ணெய், சீனி, பனங்கட்டி எல்லாம் அப்படித்தான். ஒத்துக்கொள்கிறேன். பாரம்பரியம் என்ற சொல்லும் இங்கே உதவிக்கு வராது. நம்முடைய உறைப்பின் உயிரான மிளகாய் போத்துக்கேயரோடு வந்தது. பஞ்சத்தில் உயிர் காத்த மரவள்ளி தென்னமெரிக்கச் செடி. சமைக்கிற அறைக்கு நாம் சொல்கிற குசினி என்ற பெயரே போத்துக்கேயச் சொல். (கோயிலில் மட்டும் மடைப்பள்ளி மடைப்பள்ளியாகவே நின்றுவிட்டது.) ஆகவே நம் ஊர்ப் பண்டம், வெளியூர்ப் பண்டம் என்று கோடு கிழிக்க முடியாது, கை பட்டது, படாதது என்றும் கிழிக்க முடியாது. ஆனால் ஒடியலை இன்னது என்று சொல்ல முடியும். கிழங்கைத் தோண்டியவருக்குத் தெரியும், கூழ் காய்ச்சுபவருக்குத் தெரியும், குடிப்பவருக்கும் தெரியும். கணக்கு அறுந்துபோகாமல் கைமாறுகிறது. கோதுமை மா இந்தக் கோட்டின் மேல் நிற்கிற பண்டம். இலங்கையில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வருவதைத் திருகோணமலையில் அரைக்கிறார்கள். இடம்பெயர்ந்தோர் முகாம்களிலும் மீள்குடியேறிய கொட்டில்களிலும் நிவாரணமாகக் கிடைத்த அந்த மாவை வன்னிப் பெண்கள் துணியில் முடிந்து அவித்து, அரித்து, அரிசி மாவோடு கலந்து, தேங்காய்ப்பூ போட்டுப் பிட்டாக்கி நீத்துப்பெட்டியில் வைத்தார்கள். வெறும் மாவாக வந்தது அவர்கள் கையில் இந்த வீட்டுச் சாப்பாடானது. அதை முழுமையற்ற உணவு என்று தள்ளுகிற தத்துவம் எனக்கு வேண்டாம்.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் வலிக்கக்கூடியது. தூய உணவு என்ற பேச்சு இந்த மண்ணில் எதற்குப் பயன்பட்டிருக்கிறது? யார் கிணற்றில் அள்ளலாம், யார் கையால் தேத்தண்ணீர் குடிக்கலாம், யாருக்குத் தனிக் குவளை என்று தீர்மானிக்கத்தான் பயன்பட்டிருக்கிறது. 1968ல் மாவிட்டபுரத்தில் கோயில் வாசலைத் தாண்டுவதற்கே ஒடுக்கப்பட்டவர்கள் போராட வேண்டியிருந்தது. வன்னி யாழ்ப்பாணமில்லை, குடியேறிய மண் கொஞ்சம் நெகிழ்வானது என்பார்கள். பந்தியில் உட்காரும்போது அந்த நெகிழ்வு எவ்வளவு தூரம் வரும் என்பது பந்தியில் தள்ளி உட்காரவைக்கப்பட்டவர்களைக் கேட்டால் தெரியும். இதனால்தான் நான் தூய்மை என்ற சொல்லை இந்த வாதத்தின் தூணாக வைக்க மறுக்கிறேன். தூய்மை என்ற கேள்வி எப்போதும் சமைத்தவர் யார், அவர் எந்தக் குடி என்று போய் நிற்கும். கணக்கு என்ற கேள்வி பானையில் என்ன, பசித்தவர் யார் என்று போகும். இரண்டும் ஒரே குசினியில் கேட்கப்படுவதால் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. கிழவி மாட்டுக்காரப் பொடியன்களிடம் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று விசாரிக்கவில்லை. பசிக்கிறது என்றுதான் சொன்னாள்.

கண்ணப்பரை இங்கே கொண்டுவராமல் முடியாது; அதுவும் காட்டில் மான் பன்றி வத்தலைத் தேனில் ஊறவைத்துத் தின்ற மூதாதையரைக் கொண்ட வன்னியில். காளத்தியில் அவர் படைத்தது வேட்டை இறைச்சி. வெந்ததா, சுவை சரியா என்று ஒவ்வொரு துண்டாகப் பல்லில் கடித்துப் பார்த்து, நல்லதை மட்டும் இலையில் எடுத்து வைத்தார். அங்கே பூசை செய்த சிவகோசரியாருக்கு அது எச்சில், பாவம், கோயில் கெட்டுப்போனது. இறைவன் கனவில் வந்து அது அன்பு என்று சொன்னதைப் பக்தியின் உயர்வாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தக் கடியைச் சமையல்காரர் கண்ணோடு பார்த்தால், தான் கொடுப்பது என்ன என்பதை அவர் அளவுக்கு அறிந்து கொடுத்தவர் அறுபத்துமூவரில் இன்னொருவர் இல்லை. சிவகோசரியார் விதி தெரிந்தவர். கண்ணப்பர் துண்டு தெரிந்தவர். சைவத்தோடு இது நின்றுவிடவில்லை. முல்லைத்தீவுக் கரையில் வலை இழுக்கிற கத்தோலிக்கருக்கு யோவான் நற்செய்தியின் கடைசி அத்தியாயம் புதிதல்ல: உயிர்த்தெழுந்தவர் கரையில் கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்து, இரவெல்லாம் கடலில் கிடந்து வந்த சீடர்களைக் காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார். குர்ஆன் உணவைப் பற்றிப் பேசும்போது ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அனுமதிக்கப்பட்டதாக இருந்தால் போதாது, நல்லதாகவும் இருக்க வேண்டும்.

மூன்றாவது எதிர்ப்பைப் பெண்கள்தான் எழுப்புவார்கள், எழுப்பவும் வேண்டும். இந்தக் கணக்கையெல்லாம் யார் வைத்திருப்பது? கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க விடியமுன் எழும்புகிறவளிடம் போய் மல்லி வறு, அரிசி குற்று, தேங்காய் திருவு என்று தத்துவம் பேசுவது எளிது. போருக்குப் பின் குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிற பெண்கள் வன்னியில் ஏராளம்; அவர்களில் பலருக்கு நேரமும் விறகும் இரண்டும் இல்லை. மாறனார் கதையிலேயே இந்த அநியாயம் இருக்கிறது. விதைநெல் இருக்கிறது என்று யோசித்தவள் அவள், குற்றிச் சமைத்தவள் அவள், ஒரு கீரையைப் பல கறியாக்கியவள் அவள். நாயனார் வரிசையில் இடம் மாறனாருக்கு. அவளுக்கு ஒரு பெயர்கூட இல்லை. ஆகவே வீட்டுச் சமையலைப் புனிதம் என்று சொல்லிவிட்டு அதை ஒரு பாலாரின் தலையில் கட்டுகிறவர்கள், புனிதத்தைச் சொல்லி வேலையைத் தள்ளுகிறார்கள். பசிக்குப் பதில் சொல்வது அறமென்றால் அது வீட்டில் கை உள்ள எல்லாருக்கும் அறம். வற்றாப்பளையில் பொங்கியவர்கள் பொடியன்கள் என்பதை ஆம்பிளைகள் கொஞ்சம் யோசிக்கலாம். கோயிலில் வளந்து ஏற்றவும் அன்னதானத்துக்குக் கிடாரம் கிண்டவும் தெரிந்த கைக்கு வீட்டில் அகப்பை பிடிக்க ஏன் தெரியாமல் போகிறது? சம்பளமில்லாத இந்த வேலைக்குச் சம்பளம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கிலேயே ஓர் உதாரணம் உண்டு. மாகாண விவசாயத் திணைக்களத்தின் துணையோடு தொடங்கிய அம்மாச்சி உணவகங்களில் பெண்கள் குரக்கன் பிட்டும் இலைக்கஞ்சியும் தோசையும் வாங்குபவர் கண்முன்னே செய்து விற்கிறார்கள். அது வீடு அல்ல, கடைதான். ஆனால் என்ன போட்டீர்கள் என்று கேட்டால் போட்டவரே எதிரில் நின்று சொல்வார். கணக்குக்கு வீட்டுச் சுவர் கட்டாயமில்லை. அவசரத்தில் பிள்ளைக்கு நூடில்ஸ் அவித்து, அதில் ஒரு பிடி முருங்கை இலையும் முட்டையும் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடுகிற தாய், பாதிக் கணக்காவது வைத்திருக்கிறாள். அவளைக் குற்றவாளியாக்குகிற சமயப் பேச்சைவிட அந்த முருங்கை இலை மேலானது.

இனி, எல்லாவற்றிலும் கனமான எதிர்ப்பு. எளிய, கலப்பில்லாத உணவைப் புகழ்கிறவர்கள் வறுமையைப் புகழ்கிறார்கள் என்பது அது. வன்னி இதை ஏட்டில் படிக்கவில்லை. 1990களில் பொருளாதாரத் தடையின்போது யூரியாவும் எரிபொருளும் சவர்க்காரமும் வராத மண்ணில், விளைந்ததை வைத்தே வாழ்ந்தார்கள்; அதை யாரும் இயற்கை வாழ்வென்று அழைக்கவில்லை. 2021 மே மாதம் நாடு முழுவதற்கும் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடுத்தார்கள்; நவம்பரில் அந்தத் தடையை நீக்கியும் விளைச்சல் விழுந்தது. நல்ல உணவு என்ற சொல்லை மேலேயிருந்து கட்டளையாகப் போட்டால் பானையே காலியாகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 2009ல் போரின் முடிவில் புதுமாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரையான ஒடுங்கிய கரையில் அடைபட்ட மக்கள் குடித்தது அரிசி, தண்ணீர், உப்பு. சில நாளில் தேங்காய்ப்பால் சேர்ந்தது, பல நாளில் அதுவும் இல்லை. கஞ்சி வரிசையில் எறிகணை விழுந்தது. பண்டத்தின் எண்ணிக்கையை வைத்து அளந்தால் உலகின் மிக எளிய, மிகக் கலப்பற்ற உணவு அது. அதை முன்மாதிரி என்று சொல்ல யாருக்கு நா எழும்? ஆகவே எளிமையும் என் வாதத்துக்குத் தூணாகாது. தேர்ந்தெடுத்த எளிமைக்கும் திணிக்கப்பட்ட எளிமைக்கும் இடையில் கடலளவு தூரம்; நோன்பும் பட்டினியும் ஒரே வயிற்றைத்தான் வருத்துகின்றன, அவை ஒன்றல்ல.

அப்படியிருந்தும் அந்தக் கஞ்சி அறத்தில் குறைந்த உணவல்ல. காய்ச்சியவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும், யாருக்கு என்றும் தெரியும். தங்களுக்கே இல்லாத நேரத்தில் வரிசையைப் பார்த்துத் தண்ணீரைக் கூட்டினார்கள். அதே ஆண்டு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் முள்வேலிக்குள் இருந்தவர்களுக்குச் சமைத்த சாப்பாடு வந்தது. சோறு இருந்தது, குசினி இல்லை. வயிறு நிறைந்த பின்னும் மனிதர்கள் மூன்று கல்லைத் தேடி அலைவது ஏனென்று நிவாரணக் கணக்கில் எழுத இடமிருக்காது. தைத்திரீய உபநிடதத்தில் பிருகு, அன்னமே பிரமம் என்று முதலில் கண்டு, அது போதாதென்று உயிர், மனம், அறிவு, ஆனந்தம் என்று படிப்படியாக ஏறுகிறான். ஆனந்தத்தோடு நூல் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. உச்சியைத் தொட்டபின் அது திரும்பவும் கீழே இறங்கி, உணவை இகழாதே, உணவைப் பெருக்கு, வாசலுக்கு வந்தவரைத் திருப்பாதே என்ற விரதங்களைச் சொல்கிறது. உரைகாரர்கள் இதை முதற்படியில் நிற்பவருக்கான அறிவுரையாகக் கொள்ளலாம். ஏறி முடித்தவருக்கு மிஞ்சியிருக்கிற ஒரே வேலை அடுப்படியில் இருக்கிறது என்றும் அதை வாசிக்கலாம். நான் இரண்டாவது வாசிப்பின் பக்கம்.

பிச்சைப் பாத்திரம் ஏந்துகிற துறவி எதைப் போட்டாலும் உண்கிறாரே, அவருக்குக் கணக்கு எங்கே என்று பௌத்த மரபைக் காட்டிக் கேட்கலாம். அவர் கேட்காமல் இருக்க முடிவது, போட்டவர் கேட்டு முடித்திருப்பதால். தனக்காக மட்டும் சமைப்பவரைக் கீதை கடுமையாகப் பேசுகிறது. யாருக்கென்றே தெரியாமல் சமைப்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை, அப்போது அப்படி ஒரு சமையல் இருக்கவில்லை. இன்றைக்கு அதுதான் பெரும் சமையல்.

தெய்வம் ஏன் பசித்து வர வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்டேன். பசித்து வந்தால்தான் நம்மால் அதற்கு ஏதாவது கொடுக்க முடியும் என்பதே எனக்குக் கிடைக்கிற விடை. எல்லாம் உடையவளுக்கு நாம் தரக்கூடியது வேறொன்றும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் மே 12 முதல் 18 வரை தமிழர் வாழும் இடங்களில் முள்ளிவாய்க்காலின் அந்த உப்புக் கஞ்சியைக் காய்ச்சி வழியில் போகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார்கள். 2024ல் அதைக் காய்ச்சியதற்காகத் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் பெண்களைக் கைதுசெய்து மறியலில் வைத்தார்கள். அவர்களுடைய பானையில் இருந்தது அரிசியும் தண்ணீரும் உப்பும்தான்.